முடிச்சில்லாத கோடி

கார்காலம் தன் கருமையையெல்லாம் கொட்டி முடித்திருந்தது. வெளுத்த மேகங்கள், மூட்டை இறக்கிய சுமைகாரர்களைப் போல, வெறுந்தோளோடு மெல்ல நகர்ந்தன. மண்ணின் ஈரம் உலருமுன்னே முன்பனி வந்துவிட்டது. ஆலையின் தகரக்கூரை அதைத் துளித்துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டின் கீழ், கிடங்கு வாசலில், தையல்காரி காத்து நின்றாள். இருபத்தாறு வருடம் இங்கே தறி ஓட்டிய அவள் அண்ணன், நேற்று இருமி இருமித் தறியின்மேலேயே சாய்ந்து இறந்துபோனான். நண்பகலில் அடக்கம். இறந்த தொழிலாளியைப் போர்த்த ஆலை துணி கொடுப்பது வழக்கம்.

மேற்பார்வையாளர் வந்தார். கையைவிட்டு இறங்காத அளவுகோலே அவருக்குப் பட்டப்பெயர். அவர் நீட்டிய துணியில் எண்ணெய்க் கறை. ஓரத்தில் ‘கழிவு’ என்று சிவப்பு முத்திரை.

“பொணத்துணி ஒண்ணு. கையெழுத்துப் போடும்மா.”

“எங்க வீட்ல அதைக் கோடின்னு சொல்லுவோம் சார். கோடின்னா யாரும் உடுத்தாத புதுத்துணி. இது மிஷின் தொடச்ச துணி.”

“மண்ணுக்குள்ள போறதுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன? கறையை யாரு பாக்கப்போறா?”

“மேலேருந்து பாக்குறவன் பாப்பான் சார்.”

தையல் வரிசையிலிருந்து பொத்தான் தைக்கும் அக்காவின் குரல் எழுந்தது. “அதைப் பத்திரமா எடுத்து வைங்கடி. அளவுகோலுக்கு ஒருநாள் ஆகும்!”

சிரிப்பை விழுங்கிய தலைகள் குனிந்தன. தையல்காரி கழிவுத்துணியை மடித்து அவர் மேசைமேல் வைத்துவிட்டுத் தறிக்கூடத்துக்கு நடந்தாள். அண்ணனின் தறி நேற்று நின்றபடியே நின்றது. அவன் கடைசியாக நெய்த வெள்ளைத்துணி உருளையில் சுற்றியிருந்தது.

பின்னாலேயே ஓடிவந்தார் அளவுகோல். “அது கப்பலேறப்போற சரக்கு! தொட்டா வேலை போயிடும்!”

“போகட்டும். அவன் நெஞ்சு நிறையப் பஞ்சை அடைச்சீங்களே, மேல போத்திக்க அஞ்சு கஜம் ஆகாதா?”

ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்து, அஞ்சு கஜத்தை இரண்டு துண்டாகக் கிழித்தாள். துணி கிழியும் ஒலி கூடமெங்கும் கேட்டது; பக்கத்துத் தறிகளை ஒவ்வொருவராக நிறுத்தியிருந்தார்கள். அளவுகோல் யாரைப் பார்த்துக் கத்துவதென்று தெரியாமல் நின்றார்.

கூடவே வந்த அக்கா மறுமுனையைப் பிடிக்க, தையல்காரி அங்கேயே தரையில் அமர்ந்து, அகலம் போதும்படி இரு துண்டுகளையும் இணைத்துத் தைத்தாள். பழகிய விரல்கள் தம்போக்கில் நூல்முனையில் முடிச்சிட்டுவிட்டன.

“ஏய், முடிச்சுடி!” என்றாள் அக்கா. போகிறவரை எதுவும் கட்டி நிறுத்தக் கூடாது. கோடியில் முடிச்சு விழலாகாது. தையல்காரி பிரித்து மறுபடி தைத்தாள்.

வாசலில் காவலாளி, முகத்தைப் பார்க்காமல், அவளது வேலை அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மூன்று குடம் நீர் ஊற்றியும் இமைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அதை ஒவ்வொன்றாக எடுத்தாள். கோடியைக் கண்களில் ஒற்றி, இறைவன் பெயரை உதட்டுக்குள் சொல்லி, கழுத்துவரை போர்த்தினாள்.

“நல்லபடியா போ அண்ணே. இனிமே உனக்கு மூச்சு முட்டாது.”