நாலு மணிக்கு அஸ்வின்

ஓசூர் தொழிற்சாலையில் வீடியோ திரை வந்த புதிது. ஜெர்மனியோடு நாலு மணிக்கு இருந்த மீட்டிங்கை மூன்றுக்கு மாற்றச் சொன்னார் மேனேஜர். பிரவீனா கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினாள். இங்கேயும் அங்கேயும் எல்லோருடைய காலண்டரிலும் நேரம் தானாக மாறிக்கொண்டது. தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மீட்டிங் முடிந்து திரையை அணைத்தபோது, கதவருகே பேக்கிங் செக்‌ஷன் வெள்ளைச்சாமி நின்றார். கூடவே மனைவி காளியம்மாள், விசேஷத்துக்குக் கட்டும் பட்டில், தலைநிறையக் கனகாம்பரத்தோடு. பயிற்சிக்கு ஜெர்மனி போயிருக்கும் மகன் அஸ்வினை மீட்டிங் தொடங்குமுன் திரையில் காட்டுவதாகச் சொல்லி, நாலு மணிக்கு வரச் சொன்னவளே பிரவீனாதான். வெள்ளைச்சாமிக்கு மெயிலும் கிடையாது, காலண்டரும் கிடையாது. பக்கத்துக் கட்டிடம் வரை நடந்து போய்ச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. பாழாய்ப்போன புத்தி!

"லைன்ல ஏதோ கோளாறுங்க" என்றாள். சொன்ன வாய் கூசியது.

"பரவால்லம்மா, மிசினுதானே" என்றார் வெள்ளைச்சாமி.

காளியம்மாள் மட்டும் இருண்ட திரைக்கு முன்னால் போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எங்களுக்குத்தான் அவன் தெரியல. அவனுக்காவது நாங்க தெரிவமா, கண்ணு?"

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரிவீங்கம்மா."

காளியம்மாள் திரையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.