இதைப் பத்தால் வகுக்காதே

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் குடும்ப வாழ்க்கையில் எனக்கு வராத நோய் கிடையாது. தும்மினால் நிமோனியா, விக்கினால் மாரடைப்பு, செருப்பு கடித்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று படுத்துக்கொள்வேன்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒலிபெருக்கி பழுதான ஒரு நாள், வெறும் தொண்டையால் ஐந்து நடைமேடைகளுக்கும் அறிவித்தேன். போய்க்கொண்டிருந்த சரக்கு ரயில் ஒன்று என் குரலுக்குப் பயந்து அப்படியே நின்றுவிட்டது. ஊரே நம்பிய இந்தச் செய்தியை நம்பாதவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.

ஒருத்தி மனைவி. இன்னொருத்தி மகள். மகள் இப்போது தனியாகக் குடியிருக்கிறாள், ஆனால் அடிக்கடி வந்துபோவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு ‘பிரேக்கு’ என்று பெயர். பயிற்சி வண்டியில் அவள் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கால் வந்த பெயர் என்பாள் அவள். என் பேச்சைப் பாதியில் நிறுத்தி நிறுத்தியே வந்த பெயர் என்பது என் கட்சி. “அப்பா எதைச் சொன்னாலும் பத்தால வகுத்துக்கணும்” என்ற கணக்கைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

ஒரு நாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது, இடது மார்புக் காம்புக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. நகரவும் இல்லை.

“கால்பந்து மாதிரி ஒன்னு வளர்ந்திருக்கு,” என்று வீட்டில் அறிவித்தேன்.

மகள் மனதுக்குள் வகுத்தாள். “பத்துல ஒரு பங்குன்னாலும் பெருசுதான்பா. சட்டையைப் போடுங்க, டாக்டர்கிட்ட போலாம்.”

இப்படியாக என் வாய் என்னைக் காப்பாற்றியது. ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “ஆம்பளைங்களுக்கும் மார்புத் திசு இருக்கு சார். கொஞ்சமாத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்துல வந்திருக்கு. இந்த நோய் வர்ற நூறு பேர்ல ஒருத்தர்தான் ஆம்பளை.”

பள்ளிக்கூடத்தில்கூட நான் நூற்றில் ஒருவனாக வந்ததில்லை. வீட்டுக்குப் போய்ப் பெருமையாகத்தான் சொன்னேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. டாக்டர் பேசியதை மகள் திரும்பச் சொன்ன பிறகு, மனைவி எழுந்து உள்ளே போனாள். நெடுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

மருத்துவமனையில் அந்தப் பிரிவின் காத்திருப்புக் கூடம் முழுக்கப் பெண்கள். சுவரெல்லாம் இளஞ்சிவப்பு. நான் நுழைந்ததும் நாற்பது ஜோடிக் கண்கள், இல்லை, நானூறு ஜோடிக் கண்கள் என் மேல் விழுந்தன. தலையில் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள் பரிவோடு கேட்டாள்: “மனைவிக்கா?”

“இல்லைங்க. எனக்கு.”

அவள் நகர்ந்து இடம் விட்டாள். “அப்ப உட்காருங்க. இதையும் ஏன் பொம்பளைங்களுக்கே விட்டு வைக்கணும்னு வந்துட்டீங்களா?”

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்: “பதினேழாம் எண் அம்மா, உள்ளே வரவும்.” பதினேழு என் எண். உச்சரிப்பு சுமார். ‘வரவும்’ சொல்லும் முன் மூச்சு விட இடம் தரவில்லை. அதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வர நினைத்தேன். ஆனால் கூடம் முழுக்கச் சிரித்துவிட்டதால், நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அங்கே என் மார்பை இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தப் பார்த்தார்கள். அழுத்துவதற்கு ஒன்றும் அகப்படாமல் அந்த இயந்திரமே தவித்துப்போனது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிறகு தினமும் ஒரு மாத்திரை. ஆண் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும் பெண்மை ஹார்மோன், மறுபடி கட்டிக்குத் தீனி போடாமல் தடுக்கும் மாத்திரையாம். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, உட்கார்ந்த இடத்தில் திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஒரு தீ கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். என் தலையில் தோசைக்கல்லை வைத்தால் முட்டை பொரியும்.

மனைவி மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆனந்தத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

“மாதவிலக்கு நின்னப்ப நாலு வருஷம்,” என்றாள். “நாலு வருஷம் நான் இப்படி வெந்தப்ப என்ன சொன்னீங்க? ‘ஜன்னலைத் திறந்து வையேன்’னீங்க.” எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். “திறந்தாச்சு. இப்ப எப்படி இருக்கு?”

இதுவரை எல்லாம் விளையாட்டாகத்தான் போனது. அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

மரபணு ஆலோசகர் என்று ஒருவர் தனி அறையில் இருந்தார். சின்ன வயதுப் பெண். நிதானமாகப் பேசினார். “டி.என்.ஏ.ல கிழிசல் விழுந்தா தைக்கற மரபணு ஒன்னு இருக்கு சார். எல்லாருக்கும் ரெண்டு பிரதி. ஒன்னு அம்மா தந்தது, ஒன்னு அப்பா தந்தது. உங்களுக்கு ஒன்னு பிறந்ததுலேருந்தே வேலை செய்யலை. குடும்பத்துல வேற யாருக்காவது இந்த நோய் வந்திருக்கா?”

“எங்க அக்காவுக்கு. நாற்பத்தி மூணு வயசுல போயிட்டா.”

இதில் நான் எதையும் கூட்டவில்லை. அக்கா விஷயத்தில் எனக்குக் கூட்ட வராது.

“மகள் இருக்காங்கன்னு சொன்னீங்களே. அவங்க எப்பவாவது பரிசோதனை பண்ணிப் பாத்திருக்காங்களா?”

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மருத்துவ முகாம்ல நர்ஸ் கேட்டாங்களாம். அம்மாவுக்கு இருக்கா, பெரியம்மாவுக்கு இருக்கா, சித்திக்கு இருக்கான்னு. இல்லைன்னு சொல்லிட்டு வந்தா. உண்மைதாங்க. என் மனைவி வீட்டுல ஒருத்தருக்கும் ஒன்னும் இல்லை. என் மாமியார் தொண்ணூறு வயசுல மைக் இல்லாம என்னைத் திட்டறாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “அத்தைக்கு இருக்கான்னு கேட்டாங்களா?”

“கேக்கலையே.”

“அதான் சார் நடக்குது. பொம்பளைங்க நோய், பொம்பளைங்க வழியாத்தான் வரும்னு ஒரு நினைப்பு. அதனால பெரியம்மா, சித்தியோட நிறுத்திடறாங்க. நம்ம பாஷையில அத்தை தனி வார்த்தை, விட்டா விட்டதுதான். ஆனா மரபணு முறை பாத்து வர்றதில்லை. அம்மா எவ்வளவு தருவாங்களோ அவ்வளவு அப்பாவும் தருவார். உங்க மகளுக்குப் போயிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

எனக்கு இன்னும் நிறையச் சொன்னார். தையல் தெரியாத புற்றுநோய்ச் செல்லுக்கு மிச்சமிருக்கும் ஒட்டுப் போடும் வழியையும் அடைத்து, அதை மட்டும் சாகடிக்கும் மாத்திரை இப்போது இருக்கிறதாம். எனக்குத் தேவைப்பட்டால் பார்ப்பார்களாம். ஆராய்ச்சிக்கு ஆண் நோயாளிகள் கிடைப்பதே இல்லை, கொஞ்சம் ரத்தம் தருகிறீர்களா என்றார். “வாளி கொண்டு வாங்க,” என்றேன். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. என் காதில் ‘பாதிக்குப் பாதி’ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூவாயிரம் பேர் பெட்டி படுக்கையோடு நிற்கும்போது ரயில் ரத்து என்று நடுங்காமல் சொன்னவன் நான். வீட்டுக்கு வந்த மகளிடம், “ஒரு முக்கியமான செய்தி,” என்று ஆரம்பித்தேன்.

“அப்பா, நடைமேடை அறிவிப்பு மாதிரி ஆரம்பிக்காதீங்க. அடுத்த ஆள் காத்திட்டிருக்காங்க,” என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்படி இரண்டு மூன்று முறை. அவள் முழுதாக ஒரு மணி நேரம் நகராமல் உட்காரும் இடம் ஒன்றுதான். அவள் வேலை செய்யும் பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து, குரலை மாற்றி, பாடத்துக்கு இடம் பிடித்தேன்.

கிடங்குகள் இருக்கும் அகலமான தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தவள், என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். “நீங்களா அந்தப் புது ஆளு? என்னப்பா விளையாட்டு இது?”

“ரயிலே என் பேச்சைக் கேட்டு ஓடிச்சு. கார் ஓடாதா?”

“ஏறுங்க. பெல்ட்டைப் போடுங்க. கிளட்சை மெதுவா விடணும். மெதுவா... அப்பா, மெதுவான்னேன்!”

வண்டி தவளையாகத் தாவியது. நின்றது. மறுபடி தாவியது. ஒரு நாய் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஒருவழியாக வண்டி உருளத் தொடங்கியதும், பார்வையைத் தெருவில் வைத்துக்கொண்டே சொன்னேன். “அத்தைக்கு வந்தது எனக்கும் வந்திருக்கு. ரெண்டும் ஒரே இடத்துலேருந்து வந்ததாம். உனக்கும் வந்திருக்கலாம். நீ ரத்தம் குடுத்துப் பாக்கணும்.”

“எனக்கா? அம்மா பக்கம் யாருக்குமே இல்லைன்னு நர்ஸ்கிட்ட சொன்னேனே. அத்தை வேற பக்கம்பா.”

“நான் எந்தப் பக்கம்மா?”

இரண்டாவது பிரேக் மிதிபட்டது. வண்டி கிடங்குச் சுவரோரம் நின்றது.

“எவ்வளவு வாய்ப்பு?”

“நூத்துக்கு ஐம்பது.”

சிரிக்கப் பார்த்தாள். “பத்தால வகுத்தா அஞ்சு.”

“இதைப் பத்தால வகுக்காதே, கண்ணு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதருகே இருந்த முடிக்கற்றை அக்காவுக்கு இருந்த மாதிரியே சுருண்டிருந்தது.

“நான் பாக்க மாட்டேன்,” என்றாள். “தெரிஞ்சு என்ன பண்ணப்போறேன்? தினம் கண்ணாடி முன்னாடி நின்னு தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கவா? இறங்குங்க, இந்தப் பக்கம் வாங்க.” இடம் மாறி உட்கார்ந்து, என்னை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. அந்த வாரம் முழுக்கப் போனும் இல்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. சுவர்ப் பல்லிகூடச் சங்கடப்பட்டது.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் கேட்டாள்: “அத்தைக்கு மொத மொத பாத்தப்ப எவ்வளவு பெருசா இருந்துச்சுப்பா?”

“யாரும் சின்னதா இருக்கும்போது பாக்கலைம்மா. பாத்தப்ப ரொம்பத் தாமதம்.”

அந்தச் சொல்லை நான் எத்தனையோ ஆயிரம் முறை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன், வருந்துகிறோம் என்று சேர்த்து. அன்றைக்கு ‘வருந்துகிறோம்’ சேர்க்காமலே நிறுத்திக்கொண்டேன்.

“சரி,” என்றாள். “எப்ப போகணும்?”

பாதிக்குப் பாதியில் எங்களுக்குக் கெட்ட பாதி விழுந்தது. அதே அறையில் அந்த ஆலோசகர் சொன்னதும், மகள் முடிவுத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்பா எனக்குன்னு எதுவும் எடுத்து வைக்கலைன்னு நினைச்சேன்,” என்றாள். நான் தாழ்வாரத்துக்குப் போய் அழுதேன். தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து, துடைக்கிறவர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். மகள் வெளியே வந்து கைக்குட்டை கொடுத்தாள்.

“அழாதீங்கப்பா. ரெண்டு பிரேக்குல ஒன்னு வேலை செய்யலை. இன்னொன்னு செய்யுது. நீங்க அதை வெச்சுக்கிட்டே இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கீங்க, அதுவும் இந்த லட்சணத்துல.”

அடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு சொல்ல வரச் சொன்ன நாளில் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகளின் கை ஜில்லென்று இருந்தது. மாத்திரைப் புண்ணியத்தில் என் உடம்பு கொதித்துக்கொண்டிருந்ததால், அந்தக் கையை எடுத்து என் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். முதன்முறையாக அந்தத் தீ ஒரு வேலைக்கு ஆனது.

“பதினோராம் எண் அம்மா, உள்ளே வரவும்.”

பழக்கதோஷத்தில் நான் எழுந்துவிட்டேன்.

“உட்காருங்கப்பா,” என்றாள். “இந்தத் தடவை நிஜமாவே அம்மாதான்.” ஆனால் கையை விடவில்லை. சேர்ந்தே போனோம்.

டாக்டர் திரையைப் பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், எனக்கு அதற்குள் தாடி முளைத்துவிட்டது. “சுத்தமா இருக்கு,” என்றார். “ஒன்னும் இல்லை. இனிமே வருஷா வருஷம் பாப்போம். வேற வழிகளும் இருக்கு, அதையெல்லாம் நிதானமாப் பேசி முடிவு பண்ணலாம். வந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சிடணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.”

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“என்னாச்சு?”

“ஒன்னும் இல்லை.”

“ஏங்க, நீங்க சொல்றதை அப்படியே எடுத்துக்க முடியாதே. பத்தால வகுக்கணுமே.”

“வகுத்துக்கோ. அப்பவும் ஒன்னும் இல்லைதான்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. வகுத்துப் பார்க்கிறாள் போலிருக்கிறது. பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அம்மா, இந்த ஒரு தடவை அப்பா சொல்றது சரியான கணக்கும்மா.”