ஒற்றைச் சமக்குறி

அண்ணியும் நாத்தனாரும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அண்ணிக்குக் கம்ப்யூட்டர், நாத்தனாருக்கு ஸ்பேனர். வீட்டில் எலியும் பூனையும், வேலையில் நகமும் சதையும் என்று ஊழியர்கள் கேலி செய்வார்கள்.

ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும் டீபகர், அண்ணி எழுதியது. லிஃப்டின் புரோகிராம் பாதி பழைய மொழியில், பாதி புது மொழியில். ஒற்றைச் சமக்குறி போட்டால் பழைய மொழிக்கு 'இரண்டும் ஒன்றா?' என்ற கேள்வி. புது மொழிக்கோ 'அப்படியே மாற்று' என்ற உத்தரவு. புரோகிராம் நிற்கும் இடத்தைப் பார்த்துத் தன் டீபகரே மொழியைப் புரிந்துகொள்ளும் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அன்று காலை சோதனைக் கோபுரத்தில் லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நாத்தனார்.

"மறுபடி மக்கர் பண்ணுது அண்ணி," என்றாள் போனில்.

"இரு, கதவு திறந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டு நிக்குதோ என்னவோ. கேட்டுப் பாக்கறேன்."

டீபகரில் புரோகிராமை நிறுத்தினாள். அது நின்றது பழைய மொழிப் பகுதியில். 'கதவு = திறப்பு' என்று தட்டி என்டரை அழுத்தினாள். 'ஆம்' என்று வந்தது.

"நான் சொல்லல?" என்று அவள் முடிப்பதற்குள் போனில் ஓர் அலறல். பிறகு பேச்சு மூச்சில்லை.

அந்தக் கோபுரத்தில் லிஃப்டுக்கு எதிரே சுவர் கிடையாது, வெறும் பள்ளம்தான். அண்ணி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"கம்பியப் பிடிச்சுட்டேன்," என்று கடைசியில் குரல் வந்தது. "கதவுல சாஞ்சிருந்தேன் அண்ணி. தானா திறந்துடுச்சு."

தானாக இல்லை. திரையிலிருந்த 'ஆம்' பதிலல்ல, உத்தரவு நிறைவேறிய செய்தி என்பது அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூடுங்க அண்ணி, சீக்கிரம்!"

விரல்கள் கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. இன்னொரு வரி என்ன செய்யும் என்று யார் கண்டது?

"இதை இனி தொட மாட்டேன். நீ மூலைல போய்த் தரையில உக்காரு. வந்துட்டேன்."

ஓடினாள். மெயின் சுவிட்சை அணைத்து, காவலாளியோடு சேர்ந்து கைச்சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினாள். வெளியே வந்த நாத்தனார் அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் காரணம் பிடிபட்டது. கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற பதிவு புது மொழிப் பகுதியில் இருந்தது. நின்ற இடத்தை விட்டுவிட்டு, அந்தப் பதிவு இருந்த இடத்தின் மொழியை எடுத்துக்கொண்டது டீபகர்; கேள்வி உத்தரவாகிவிட்டது. ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவளே எழுதி வைத்த விதி.

மேனேஜரிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். அவர் சோதனை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். எதையாவது மாற்றக்கூடிய வரியை டீபகர் ஏற்கவே கூடாது என்று அன்றே திருத்தி எழுதினாள்.

"அப்ப என்னைத் தள்ளிவிடப் பாத்தது நீங்கதானா?" என்றாள் நாத்தனார், சிரிக்க முயன்று. உதடு கோணியது.

அண்ணியால் சிரிக்க முடியவில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் இருவரும் லிஃப்ட் பக்கம் போகாமல் படிக்கட்டில் இறங்கினார்கள்.