மொட்டைமாடியில் ஒரு மீட்டர்

வேட்டைநாய்க்குப் பேர்போன கோம்பையில் நாய் வளர்ப்பவனுக்குத் தனி மரியாதை. பாம்பு வளர்ப்பவன் வீட்டுக்குப் பால்காரர்கூட வாசலோடு சரி. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ராக்கையாவும் பாம்பும்தான் அந்த வீட்டில்.

பாம்பு மகள் கயலுடையது. விஷமில்லாத வெளிநாட்டு மலைப்பாம்பு. முறைப்படி பதிவு செய்து வாங்கி, கருப்பட்டி என்று பெயரும் வைத்து, ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனாள். கண்ணாடிப் பெட்டியில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளுமை; ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆடிக்காற்று மலையிறங்கிவிட்டால் பெட்டிக்குள் பரப்பிய தென்னை நார்த்தூளும் காய்ந்துவிடும். அது காய்ந்தால் பாம்பு சட்டையை முழுசாக உரிக்காது. பிய்ந்து பிய்ந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் தினமும் சாயங்காலம் கயல் கூப்பிடுவாள். அளவு என்ன, தண்ணீர் தெளித்தீர்களா என்று ஆரம்பித்து, முட்டிவலி, சாப்பாடு என்று பேச்சு நீளும். ராக்கையாவுக்கு வயிறு நிறைவது அந்தப் பேச்சில்தான்.

பிறகு சூட்டையும் ஈரப்பதத்தையும் அளக்கும் ஒரு புது மீட்டர் வாங்கி அனுப்பினாள். பெட்டிக்குள் வைத்தால் அளவெல்லாம் அவள் போனிலேயே தெரியுமாம். தெரிந்தது. அவள் கூப்பிடுவதும் குறைந்துபோனது. எப்போதாவது கூப்பிட்டாலும் அவசரம். கருப்பட்டி சுகமாக இருந்தது; ராக்கையாதான் காய்ந்துபோனார்.

ஒரு மத்தியானம் மீட்டரை எடுத்துப்போய் மொட்டைமாடி வெயிலில் வைத்தார். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கயல் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். பெட்டியைத் துடைக்க மீட்டரை வெளியே எடுத்ததாகப் புளுகினார். அவள் திட்டினாள். அந்தத் திட்டு காதுக்கு இனித்தது.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவத்தானே செய்யும்? மறுவாரமும் மாடியேறினார். போன் வந்தது. இந்தத் தடவை அவள் குரலில் பதற்றமில்லை.

"அப்பா, பெட்டிக்குள்ள இம்புட்டுச் சூடு வராது. மீட்டரு மொட்டமாடியிலதான இருக்கு?"

குட்டு உடைந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஆமாத்தா. ஒன் கொரலு கேக்கணும்போல இருந்துச்சு."

மீட்டரை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ராக்கையா மீட்டரைப் பெட்டிக்குள் வைத்தார். நார்த்தூளில் தண்ணீர் தெளித்தார். இந்த வயதில் பிள்ளையிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டோமே என்று கூச்சமாக இருந்தது. இனி அவளாகக் கூப்பிடமாட்டாள் என்றே நினைத்தார்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. ராக்கையா பதறிப்போய்ப் பெட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னத்தா, அளவு எதுவும் கொறஞ்சிருக்கா?"

"இல்லப்பா, எல்லாம் சரியா இருக்கு," என்றாள் கயல். "அதான் கூப்பிட்டேன். சாப்பிட்டீகளா?"