எட்டு அசைப் பதவி

ஸ்தூரெயின் பணி ஓய்வு விருந்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. சுவீடனின் வடகோடியில் உள்ள கிருனாவில் விருந்தென்றால் பாட்டுத் தாள் இல்லாமல் நடக்காது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் விருந்துக்குரியவரைப் பற்றிப் புதிதாகப் பாட்டுக் கட்டி, தட்டுக்குத் தட்டு ஒரு தாள் வைத்துவிடுவார்கள். காபி வந்ததும் மண்டபமே சேர்ந்து பாடும். இந்த முறை பாட்டுக் கட்டும் பொறுப்பு மகள் ஹில்லெவிக்கு.

அப்பாவின் பதவிப் பெயரைப் பாட்டில் முழுசாக ஏற்றியே தீருவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பனி அகற்றும் பணிகளின் மேற்பார்வையாளர் என்பது அங்கே ஒரே சொல்: ஸ்னோ-ரோய்-நிங்ஸ்-ஆர்-பேட்ஸ்-லே-டா-ரே. சொல்லும்போது முதல் அசையைக் குரலால் ஓங்கி மிதிக்க வேண்டும். 'லே' வரும்போது இன்னொரு மிதி, கொஞ்சம் மெதுவாக. மாற்றி மிதித்தால் மானம் போய்விடும்.

"பேசாம 'பனிக்காரர்'னு போட்டுட்டுப் போயேன்க்கா. ஊரே அப்படித்தான கூப்பிடுது," என்றான் தம்பி ஹென்னிங்.

"ஊரு ஆயிரம் கூப்பிடும்டா. முப்பது வருஷம் பனி தள்ற வண்டி ஓட்டி வாங்கின பேரு அது. போனை எடுத்தா எட்டையும் சொல்லிட்டுத்தான் மனுஷன் ஹலோவே சொல்றாரு."

"சரி, பாடிக் காட்டு."

பாடினாள். மெட்டு லேசான தாளத் தட்டில் தொடங்குவது. 'ஸ்னோ' அமுங்கிப் போய் 'ரோய்' எகிறியது. ஹென்னிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போன வருடம் பள்ளிச் சமையல் தலைவியின் விருந்தில் நடந்ததும் இதேதான். மண்டபம் சிரித்த சிரிப்பில் அந்த அம்மாள் கேக்கைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். அப்பாவுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாதென்று ஹில்லெவி மறுபடி முதலிலிருந்து பாடிப் பார்த்தாள்.

மறுநாள் வேலைக்கு நடக்கையில், அடிக்கு ஓர் அசையாகப் பனியில் மிதித்துச் சொல்லிப் பார்த்தாள். சொல்லில் குறையில்லை. அதற்கு முன்னால்தான் ஒரு சின்ன அசை வேண்டியிருந்தது. அலுவலக வாசலில் கிடைத்தது: 'எங்க ஊரு' என்பதில் வரும் 'எங்க'. அவர்கள் மொழியில் அது ஒரே அசை. லேசான தட்டை அது வாங்கிக்கொண்டால், பலத்த தட்டு நேராக 'ஸ்னோ'வுக்குப் போகும்.

சனிக்கிழமை எழுபது பேர் மூச்சு விடாமல் பாடினார்கள். எட்டு அசையும் இம்மி பிசகாமல் விழுந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. ஹில்லெவிக்குப் பெருமை தாங்கவில்லை. ஹென்னிங்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவன்.

ஸ்தூரெ எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்காத மனிதர். ஊற்றினால் ஒழியக் காபிகூடக் குடிக்க மாட்டார். அவர் எழுந்து, தாளை மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார்.

"இன்னொரு வாட்டி பாடுங்க," என்றார். "அந்த 'எங்க'லேர்ந்து."