வீல்சேருக்குப் பின்னால்

"நீ நாற்காலில உக்காந்திருக்க," என்றாள் வீட்டம்மா.

அதட்டவில்லை. சுவரில் பல்லி இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். பன்னிரண்டு வருஷமாக அவற்றைத் துடைத்துவந்த சமையற்காரி அன்றுதான் ஒன்றில் உட்கார்ந்தாள். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. உட்கார் என்றும் சொன்னதில்லை.

"மூச்சு வாங்குதும்மா. ஒரு வாரமா நாலு படி ஏறினா நெஞ்ச அடைக்குது. காலும் வீங்கிப்போச்சு."

வீட்டம்மா கெட்டவள் அல்ல. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவ எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்று பெருமையடிப்பவள். மனம் இளகித் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

வாசலில் வீல்சேர்க்காரர் நின்றார். காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தியிடம் கைப்பை, கண்ணாடி, இஸ்திரி கலையாத உடை. இன்னொருத்தியிடம் வெங்காய வாசனை. யார் நோயாளி என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"மெதுவா உக்காருங்கம்மா," என்று வீட்டம்மாவை அமர்த்திவிட்டு, சமையற்காரியிடம் திரும்பினார். "நீ தள்ளிட்டுப் போ. நேரா போய் இடது பக்கம்."

"எனக்கில்லப்பா, இவளுக்குத்தான்..." என்று வீட்டம்மா ஆரம்பித்தாள். அதற்குள் ஒரு நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்து, "பேசாதீங்கம்மா, பி.பி. ஏறிடும்," என்றாள். வீட்டம்மாவை இவ்வளவு அக்கறையாக யாரும் கவனித்து எத்தனையோ வருஷமாகிறது. இருக்கையும் மெத்தென்று இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சமையற்காரி தள்ளினாள். வீட்டம்மா நல்ல கனம். ரத்தம் எடுக்க ஒரு அறை, ஈசிஜிக்கு ஒரு அறை, எல்லா இடத்திலும் ராஜமரியாதை.

"எனக்குத்தாங்க மூச்சு வாங்குது," என்று சமையற்காரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"கூட வந்தவங்க வெளில நில்லுங்க," என்றார்கள்.

"என் இதயம் இருபது வயசுப் பொண்ணோடது மாதிரி இருக்காம். கேட்டியா?" என்று வீட்டம்மா பூரித்துப்போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பதில் சொல்ல மூச்சில்லை.

எடை பார்க்க வீட்டம்மா எழுந்து உள்ளே போனாள். காலி வீல்சேர் நடைபாதையில் நின்றது. சமையற்காரிக்குக் கூச்சமாக இருந்தது; கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நின்றுகொண்டே சாக அவளுக்கு இஷ்டமில்லை. உட்கார்ந்தாள்.

அந்தக் கட்டடத்தில் வீல்சேரில் இருப்பவர்தான் நோயாளி. அடுத்து வந்த ஊழியர் கையிலிருந்த ஈசிஜி காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவளை நேரே டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். முகம் மாறியது.

"நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. இதயம் திணறுது. இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்தீங்க?"

"இந்த வண்டிக்குப் பின்னாடிதான் டாக்டர்."

வீல்சேரைத் தேடிக்கொண்டு வீட்டம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள்.

"நீங்க கூட வந்தவங்களா?" என்றார் டாக்டர். "இவங்க ஒரு அடிகூட நடக்கக் கூடாது. உடனே வார்டுல சேர்க்கணும். நேரா போய் இடது பக்கம்."

ஆளுக்காகக் காத்திருக்க நேரமில்லை. வீட்டம்மா தள்ளினாள். பாதி வழியில் வாசல் வீல்சேர்க்காரர் எதிரே வந்து அதிர்ந்து நின்றார்.

"என்னம்மா அநியாயம் இது? பேஷண்டத் தள்ள விட்டுட்டு நீ சொகுசா வர்ற. எந்திரி."

வீட்டம்மா அவரைப் பார்த்தாள், சமையற்காரியைப் பார்த்தாள். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சமையற்காரி எழுந்திருப்பாளா என்று காத்திருந்தாள்.

சமையற்காரி வீங்கிய கால்கள் இரண்டையும் மிதிபலகையில் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நேரா போய் இடது பக்கம்மா," என்றாள்.