இருபத்து மூன்று முகங்களும் ஓகே

வண்ணாரப்பேட்டை ஃப்ளெக்ஸ் கடைகளில் ஒரு நடைமுறை உண்டு. அச்சுக்குப் போகும் முன் கட்சிக்காரர் ஒருவர் வந்து கணினித் திரையைப் பார்த்து ‘ஓகே’ சொல்ல வேண்டும். அவர் பார்ப்பது முகங்களை மட்டும். யார் முகம் எவ்வளவு பெரிது, யார் தலை யார் தோளுக்கு மேலே. எழுத்தை யாரும் படிப்பதில்லை. எழுத்து என்பது முகங்களுக்கு நடுவே மிச்சமாகிற இடம்.

அந்த இடத்தை நிரப்புகிறவன் நான். என் தோஸ்து அமான் அப்படியொரு கடையில் டிசைனர். அவன் மட்டன் சமோசா வாங்கித் தருவான், நான் வாசகம் தருவேன். மூன்றாண்டு தமிழ் இலக்கியம் படித்ததில் இதுவரை பதினான்கு சிங்கங்களும் ஒன்பது இமயங்களும் எழுதியிருக்கிறேன். கட்சி பேதம் பார்த்ததில்லை. ஒரே சிங்கம் ஒரே வாரத்தில் இரண்டு கட்சிகளுக்குப் போனதுண்டு. இரண்டு பேருமே நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை மதியம் அமான் போன் செய்தான்.

“சித்தார்த்து, நேத்து நீ ரெண்டு மேட்டர் அனுப்புனியே, அதுல எது காமெடி?”

“மொதல்ல இருக்கறது. என் பேஜுல போட எழுதுனது. ஏன்டா?”

“அத்த இருபதடிக்கு அடிச்சிட்டேன் மச்சி.”

எங்கள் திருவொற்றியூர் வட்டச் செயலாளர் திருமுருகனுக்கான பேனர் அது. உடற்பயிற்சிக் கூடம் திறக்க அமைச்சர் வருகிறார். நான் எழுதியிருந்தது இது: ‘நான்கு மாதமாகத் தேங்கி நின்ற சாக்கடையை ஒரே நாளில் அகற்றிக் காட்டிய வாய்க்கால் வேந்தே, வாழ்க!’ சாக்கடை எங்கும் போகவில்லை. எங்கள் தெருவில்தான் இருந்தது. போன வாரம் அதில் தவளை குடும்பத்தோடு குடிவந்தது.

“ஓனரு தெரிஞ்சா அவ்ளோதான்டா” என்றான் அமான். கடை முதலாளி மதார் சாகிப் ஏற்கெனவே ஒருமுறை அவனை மன்னித்திருந்தார். ஒரு கல்யாண பேனருக்கு அமான் கண்ணீர் அஞ்சலி பார்டரைப் போட்டுவிட்டான். இன்னொரு தப்பு நடந்தால் கடைப் பக்கமே வரக்கூடாது என்பது தீர்ப்பு. அவன் வீட்டில் சம்பளக்காரன் அவன் ஒருவன்தான்.

நாலு மணிக்கு அமைச்சர். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மெட்ரோ நிலைய வாசலில் அமானுக்காகக் காத்திருந்த இருபது நிமிடத்தில் இரண்டு கை நகங்களையும் கடித்து முடித்திருந்தேன். அவன் ‘வருக வருக’ என்று அடித்த நீளத் துண்டு ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். அதை வாசகத்தின் மேல் ஒட்டிவிடுவது திட்டம். மணி மூன்றே முக்கால். சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. இரண்டு பேரும் ஓடினோம்.

பேனரடியில் விமல் காவலிருந்தார். முந்தின நாள் கடைக்கு வந்து இருபத்து மூன்று முகங்களுக்கும் ஓகே சொன்னவர் அவர்தான்.

“அண்ணே, மேல ஒரு ‘வருக வருக’ ஒட்டிக்கிறோம்” என்று அமான் ஏணியைச் சாய்த்தான்.

விமல் துண்டை விரித்துப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். “இன்னாடா இது? ஒட்னா என் முடி மறைஞ்சிடும்ல?”

“கொஞ்சூண்டுதாண்ணே.”

“தோ பாரு நைனா. மூணு வருசமா பேனருக்குக் கயித்த கட்டிகினு கெடந்து, இப்பதான் ரெண்டாவது வரிசைக்கு வந்துகீறேன். முடி மேல கைய வெச்ச, ஏணியோட தூக்கிப் போட்ருவேன்.”

அதற்குள் வெடிச்சத்தம். அமைச்சர் வந்துவிட்டார், இந்த நாட்டில் அதிசயமாக, சொன்ன நேரத்துக்கு.

மேடையில் அவருக்குத் திருமுருகனைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. எதிரே இருபதடியில் ஒன்று தயாராக இருந்தது. “நான்கு மாதமாகத் தேங்கி நின்ற சாக்கடையை” என்று கணீரென்று ஆரம்பித்தார், “ஒரே நாளில் அகற்றிக் காட்டிய தம்பி திருமுருகன் அவர்களே!”

கைதட்டல். விமல் விசிலே அடித்தார். அமான் என் முழங்கையைப் பிடித்த பிடியில் ரத்தம் நின்றுவிட்டது. திருமுருகன் கும்பிட்ட கையோடு மெதுவாகத் திரும்பி, முதல்முறையாகத் தன் பேனரைப் படித்தார்.

முன்வரிசையில் செங்கொடி அக்கா எழுந்தார். சாக்கடைக்கு நேர் எதிரே டிபன் கடை வைத்திருப்பவர். நாலு மாதமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தோசை சுடுகிறார்.

“சார், ஒரே நாள்லன்னு போட்டுகீது. எந்த நாளுன்னு போடலியே?”

அமைச்சர் சிரித்த முகத்தை மாற்றாமல் திருமுருகனைப் பார்த்தார்.

“இன்னிக்கித்தாம்மா!” என்றார் திருமுருகன். “வண்டி வந்துகினே கீது!” சொல்லிக்கொண்டே மேடைக்குப் பின்னால் போய் போனில் கத்தினார்.

ஐந்தரைக்கு அடைப்பு எடுக்கிற வண்டி வந்தது. ஏழு மணிக்குத் தெருவில் தரை தெரிந்தது. பலருக்கு அதன் நிறமே மறந்திருந்தது. தவளைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

அதன் பிறகுதான் திருமுருகன் எங்களிடம் வந்தார்.

“எழுதுனது எவன்?”

அமான் வாயைத் திறக்குமுன், “நான்தாண்ணே. இவன் அடிச்சதோட சரி. இவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அமைச்சரு கார்ல ஏறும்போது தோள்ல தட்டிட்டுப் போனாருடா. பதினோரு வருசத்துல மொதத் தட்டு.” அமானிடம் திரும்பினார். “உங்க ஓனர் பாய்கிட்ட சொல்லிட்றேன். இனிமே நம்ம வேலைக்கு நீதான்.” பிறகு என்னைப் பார்த்து, “உன் போட்டோ ஒண்ணு அனுப்பு.”

“எதுக்குண்ணே?”

“அடுத்த பேனர்ல போட்றதுக்கு. புள்ளைங்க நம்ம பக்கம் கீதுன்னு தெரிய வேணாமா?”

மறுத்திருக்கலாம். அமான் என் காலை மிதித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை அமான் என்னைக் கடையில் திரையின் முன் உட்காரவைத்தான். மூன்றாவது வரிசையில் நான், தோளில் இல்லாத துண்டு போர்த்தப்பட்டு, யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையில். இந்த முறை வாசகத்தை அவனே எழுதிவிட்டதாகச் சொன்னான்.

“ஒருதபா பாத்துட்டு ஓகே சொல்லு மச்சி.”

பார்த்தேன்.

“விமல் அண்ணன் தோள் என் காதை மறைக்குது. அவரை லேசா அந்தப் பக்கம் தள்ளு” என்றேன். தள்ளினான். “ஓகே.”